காலிடம் கேட்டு எழுதியவர்

அவர் யாருடைய முகத்தையும் முதலில் பார்த்து நான் கண்டதில்லை. "வணக்கம் மேடம்" என்று நாம் சொன்னால், நம் கால்களைப் பார்த்துத்தான் "வணக்கம் சார்" என்பார். முதல் தடவை என் செருப்பு அறுந்துவிட்டதோ என்று நானும் குனிந்து பார்த்தேன். அடுத்த தடவை நகம் வெட்டி, குதிகாலைக் கல்லில் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன். அதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. எந்தக் கால் வாசலை முதலில் தாண்டுகிறது, நிற்கும்போது எந்தக் காலில் பாரம் இறங்குகிறது, எந்தக் கால் சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது, இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். இடுப்புக்கு மேலே இருப்பதெல்லாம் கால்கள் இரண்டும் பிரிந்து போய்விடாமல் இருக்கப் போட்ட முடிச்சு என்று நினைத்தாரோ என்னவோ.

தாம்பரத்துப் பக்கம் ஒரு மருத்துவமனை. அதன் மனநலப் பிரிவில் புதன்கிழமைதோறும் மாத்திரை கொடுப்பார்கள். இரண்டாயிரத்து இரண்டு வாக்கில், மாதத்தில் ஒரு புதன், என் தம்பியை அழைத்துக்கொண்டு அங்கே போவேன். தம்பிக்கு மனச்சிதைவு நோய். கல்லூரிக் கடைசி வருஷத்தில் வந்தது. ஆள் இல்லாத இடத்திலிருந்து குரல்கள் அவனோடு பேசின. மாத்திரை ஆரம்பித்த பிறகு குரல்கள் அடங்கி, அவன் கணக்குப்படி, பக்கத்து வீட்டு டிவி அளவுக்கு வந்திருந்தன. மருந்துக் கவுன்டரைத் தாண்டி, நடைபாதையின் கோடியில், உடைந்த கட்டில்கள் போட்டு வைத்திருந்த அறையில் பாதியைக் காலி பண்ணித்தான் இந்த மேடம் தன் ஆராய்ச்சியை நடத்தினார். இந்த நோய் உள்ளவர்களுக்கு வலது கால் பழக்கமா, இடது கால் பழக்கமா, இரண்டும் கலந்து வருமா என்பதுதான் ஆராய்ச்சி.

அவருக்கு முப்பது வயது இருக்கும். கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம் சொந்த ஊர். சாமான்களை எல்லாம் அம்மாவின் பழைய மீன் கூடையில்தான் கொண்டுவருவார். ஒரு ரப்பர் பந்து, நாலு கோலிக்குண்டு, ஒரு தட்டு மணல், சுருட்டிய காலண்டர் தாள், டிக் டிக்கென்று அடிக்கும் ஒரு கைக்கடிகாரம், பாதி குடித்து அணைத்த பீடி ஒன்று. பந்தை உதைக்க வேண்டும். கோலியைக் கால்விரலால் கவ்வி டப்பாவில் போட வேண்டும். மணலில் கட்டைவிரலால் பெயரின் முதல் எழுத்தை எழுத வேண்டும். பீடியைக் காலால் நசுக்க வேண்டும். தாள் குழாய் எந்தக் கண்ணுக்குப் போகிறது, கடிகாரம் எந்தக் காதுக்குப் போகிறது என்பதையும் குறித்துக்கொள்வார். ஒவ்வொன்றும் மூன்று தடவை. பீடி மட்டும் வாரத்துக்கு ஒன்று காணாமல் போகும். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் வாட்ச்மேன் வேப்பமரத்தைப் பார்ப்பார்.

கூடையை எத்தனை தடவை கழுவினாலும் வாசம் போகாது. "ஆஸ்பத்திரி நாத்தத்துக்கு இது தேவல சார்" என்பார்.

"கையை விட்டுட்டு ஏன் மேடம் கால்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கை பொய் சொல்லும் சார். எடது கையில சோத்த எடுத்தா சின்ன வயசுலயே அம்மா ஒண்ணு வெச்சிருப்பாங்க. அடி வாங்கி வாங்கி வலது கையா மாறியிருக்கும். காலை யாரு சார் அடிச்சி வளத்தாங்க? அது பாட்டுக்குப் பொறந்த மாதிரியே இருக்கும்."

வாயால் சொல்வது எதையும் எழுத மாட்டார். அதுதான் அவர். "எனக்கு வலது கால்தான் மேடம்" என்று ஒருவர் சத்தியம் செய்தாலும், "ஒதைங்க சார், பாக்கலாம்" என்பார். உதைத்தால் நன்று என்றோ சரி என்றோ சொல்ல மாட்டார். "இன்னொரு தடவ" என்பார். ஒருநாள் வாட்ச்மேன் ஜெனரேட்டர் அறைப் பக்கம் பாம்பைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடி வந்தார். நாங்கள் எல்லாம் பெஞ்சுமேல் ஏறிவிட்டோம். இவர் நோட்டோடு வெளியே வந்து, "மொதல்ல எந்தக் காலத் தூக்கினீங்க?" என்று கேட்டார். வாட்ச்மேனுக்கு ஞாபகம் இல்லை. இன்னொரு தடவை ஓடிக் காட்டச் சொல்வாரோ என்று எங்களுக்குப் பயம்.

பாம்பு போனதா என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை.

எனக்கோ பேச்சுதான் பிழைப்பு. குரோம்பேட்டையில் வாட்டர் ஃபில்டர் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரிவு. கிணற்றுத் தண்ணீர் தேன் மாதிரி இருக்கிற வீட்டிலும் ஃபில்டர் மாட்டிவிட்டு வந்தவன் நான். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு புதன்கிழமை அவர் வந்தார்.

"சார், ஒங்களுக்கு இந்த மாதிரி வைத்தியம் எதுவும் பாத்ததில்லையே?"

"சேச்சே."

"நோய் இல்லாத கூடப்பொறந்தவங்க லிஸ்ட் ஒண்ணு எடுக்கறேன். அதுல வரீங்களா?"

'நோய் இல்லாத' என்பதோடு என் காது அடைத்துக்கொண்டது. பாக்கி எதுவும் விழவில்லை. தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போன நாளிலிருந்து நான் என்னையே வேவு பார்த்துக்கொண்டு வந்தவன். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ரத்தம். அவனுக்கு வந்தது எனக்கு ஏன் வராது? குக்கர் விசில் அடித்தால்கூட மனைவியிடம், "உனக்கும் கேட்டுச்சா?" என்பேன். "மூணு கேட்டுச்சு, அடுப்ப அணைங்க" என்பாள். இப்படி இருந்தவனை ஒரு மருத்துவமனை தானாகக் கூப்பிட்டு நோய் இல்லாதவன் லிஸ்டில் சேர்க்கிறது என்றால் சும்மாவா? படிவத்தில் மூன்று இடத்தில் கேட்டிருந்த கையெழுத்தை ஐந்து இடத்தில் போட்டேன்.

முதலில் தம்பி உதைத்தான். "எவ்ளோ தூரம் போச்சு மேடம்?" என்று கேட்டான். பிறகு நான். பந்து, கோலி, மணல், பீடி, குழாய், கடிகாரம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு பணிவாக நடந்துகொண்டதில்லை.

"மேடம், எப்படி?"

"கலந்து வருது சார். பந்து எடது. கோலி வலது. மணல் எடது. கண்ணு எடது, காது வலது."

"தம்பி?"

"அவருக்கு எல்லாமே வலது."

"கலந்து வந்தா?"

"அதான் சார் ஆராய்ச்சி. இந்த நோய் இருக்கறவங்ககிட்ட கலந்து வர்றது கொஞ்சம் அதிகம்னு சொல்றாங்க. கூடப்பொறந்தவங்ககிட்ட எப்படின்னு பாக்கறேன். ஆனா இது கும்பலுக்குத்தான் சார். ஒரு ஆளப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது."

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள் எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டன. ஒரு நிறுவனம் நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் அச்சடித்தால் நான் எப்படிப் படிப்பேனோ அப்படிக் கேட்டன. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் என் இடது காலைச் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு வந்தேன்.

என்ன செய்வது? திரும்ப ஒரு தடவை உதைத்து வலது என்று எழுத வைத்துவிட்டால் நோய் வராது என்று எனக்குத் தோன்றியது. நான் பி.எஸ்ஸி. படித்தவன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பொழிச்சலூரில் எங்கள் மொட்டைமாடிக்கு மேல் விமானங்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும். அந்தச் சத்தம் ஒன்றுதான் எனக்கும் தம்பிக்கும் ஒரே அளவில் கேட்கும் சத்தம். அந்த மாடியில், தினமும் காலையில், வலது காலால் பந்து உதைத்துப் பழகினேன். தம்பி தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கோல்கீப்பராக நின்றான். முதல் நாள் பந்து பின்பக்கம் போயிற்று. இரண்டாம் நாள் என் செருப்பு அடுத்த தெருவுக்குப் போயிற்று.

நான்காம் நாள் தம்பி சிரித்தான். "ஷாட் படு மோசம்னு சொல்லுது."

"யாருடா? குரலா?"

"இல்ல. நான்தான்."

"ஏன்டா பயமுறுத்தற?"

"நீ ஏற்கெனவே பயந்துதான இருக்க அண்ணா. நான் என்ன புதுசா?"

இதோடு நின்றிருந்தால் நான் ஒருத்தன் மட்டும் முட்டாளாகியிருப்பேன். அடுத்த புதனே, மாத்திரை ஒன்று குறைந்ததால் கவுன்டருக்குப் போனேன். வரிசையில், அனகாபுத்தூரிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வரும் ஓர் அம்மா என் கையைப் பிடித்தார்.

"இன்னா தம்பி, அந்தப் பந்து மேடம் உள்ள இட்டுனு போயி இன்னா கேக்கறாங்கோ?"

"ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா. காலைத்தான் பாப்பாங்க."

"எந்தக் காலு?"

விற்பனைக்காரன் நாக்கு சும்மா இருக்குமா? குரலைத் தாழ்த்தி, "வலது கால் போட்டா நல்லதும்மா" என்றேன்.

வலது கால் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. புது மருமகள் வந்தால் வலது கால், புது வீட்டுக்குப் போனால் வலது கால், வேலைக்குச் சேரும் முதல் நாள் வலது கால். காலை யார் அடித்து வளர்த்தார்கள் என்று கேட்டாரே, அந்த ஆராய்ச்சியாளருக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தெரியவில்லை. அந்த அம்மா பின்னால் இருந்தவரிடம் சொன்னார். அவர் பம்மலிலிருந்து மனைவியோடு வரும் ஒருவரிடம் சொன்னார். அடுத்த மாதம் நான் போவதற்குள் மருந்து வரிசை ஒரு பயிற்சி வகுப்பாகவே மாறியிருந்தது. "வலது காலு கண்ணு, மறந்துடாத", "அந்தக் கால மடக்கி வெச்சுக்கோ, இந்தக் கால மட்டும் ஆட்டு." ஒருவர் மகனின் வலது கணுக்காலில் ஞாபகத்துக்காகச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். என் அம்மா மட்டும் குறைந்தவளா? அன்று கிளம்பும்போது என் வலது முழங்காலில் விபூதி பூசித்தான் அனுப்பினாள். பேன்ட்டுக்கு உள்ளே.

இன்னொரு தடவை சோதிக்க வேண்டும் என்று கேட்கத் தயாராக நான் அந்த அறை வாசலில் நின்றேன். உள்ளே அந்தப் பம்மல்காரர் பந்துக்கு முன்னால் நின்றார். நல்ல மனிதர், பொய் பேசத் தெரியாது. காலைத் தூக்கினார். நிறுத்தினார். இறக்கினார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, வெளியே இருந்த மனைவியிடம் சத்தமாகக் கேட்டார்.

"ஏம்மே, எந்தக் காலு சொன்ன?"

"வலது காலுய்யா! சோறு துன்ற கைப் பக்கம்!"

நடைபாதையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோருக்கும் கேட்டதா என்று அன்று நான் யாரையும் கேட்கவில்லை.

அவர் மெதுவாக எழுந்து வெளியே வந்தார். வரிசையைப் பார்த்தார். வரிசையின் கால்களைப் பார்த்தார். அத்தனை இடது கால்களும் பின்வாங்கின.

"யாரு சொன்னது?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். வலது கையால்தான்.

அதுவரை ஆஸ்பத்திரித் தமிழில் பேசிக்கொண்டிருந்தவருக்குள்ளிருந்து குப்பத்துக் குரல் கரையேறி வந்தது. "இன்னா சார் நீ! நாலு வாரமா எல்லாம் வலது, எல்லாம் வலது. தாம்பரத்துல எடது காலே கெடயாதான்னு மண்டைய ஒடச்சிகினு கீறேன்! பஸ்ஸுல எங்கம்மா கூடைய மடியில வெச்சிகினு வர்றேன், அவனவன் மூக்கப் பொத்திகினு எறங்குறான். இப்ப இந்தப் பேப்பரு அத்தினியும் குப்பைக்குத்தான் போவணும்! நீ படிச்ச ஆளுதான?"

நான் வழக்கம்போல் ஒரு ஜோக்கை எடுத்து விட்டேன். "மேடம், நாலு வாரத்துல எல்லாருக்கும் வலது ஆயிடுச்சு. மருந்தே இல்லாம ஒரு வார்டையே குணப்படுத்தியிருக்கேன். நியாயமா பட்டத்த எனக்குத்தான் குடுக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. தம்பிகூடச் சிரிக்கவில்லை. என் கால்கள் ஆட ஆரம்பித்தன. இரண்டும்தான். அதில் வலது இடது எதுவும் இல்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எதுக்கு சார் இதப் பண்ணீங்க?"

ஃபில்டர் விற்கிற வாயிலிருந்து வேறு எதுவும் வரவில்லை. "எனக்கும் வருமா மேடம்?" என்றேன்.

அப்போதுதான் அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். முகம் அவருக்குப் பழக்கமில்லாத இடம் போலும். கண்ணிலிருந்து நெற்றிக்கும், நெற்றியிலிருந்து காதுக்கும் கொஞ்ச நேரம் வழி தேடிவிட்டு, "தெரியாது சார்" என்றார்.

"வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சும்மாவாச்சும்."

"பாக்காதத சொல்ல மாட்டேன். ஒங்க வயசு?"

"முப்பத்திமூணு."

"ஆம்பளைங்களுக்கு வர்றதுன்னா பெரும்பாலும் இதுக்கு முன்னாடியே வந்துடும். பெரும்பாலும்தான். அதப் புடிச்சிக்காதீங்க. நாப்பது முடியட்டும். வந்து பந்த ஒதைங்க. அப்ப எழுதறேன்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"வேலைக்குப் போங்க. தம்பிக்கு மாத்திரை வாங்குங்க." கூடையைத் தரையில் வைத்தார். "ஒங்க தம்பி ஒதச்சிட்டு எந்தக் கால் நல்ல காலுன்னு கேக்கல சார். எவ்ளோ தூரம் போச்சுன்னு கேட்டாரு."

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க மேடம், உங்க உழைப்பெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். கூடை சாய்ந்து பந்து உருண்டு என் பக்கம் வந்தது. பேச்சு பேச்சாக இருக்க, அதை அவர் பக்கமே தட்டி விட்டேன். அவர் பந்தைப் பிடிக்கவில்லை. பேனாவைத்தான் பிடித்தார்.

"எடது" என்று எழுதிக்கொண்டார்.

ஒரு மாதப் பயிற்சி, ஒரு முழங்கால் விபூதி, எல்லாம் போயிற்று. ஆனால் அவருக்கு வழி கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கூடை புதன்தோறும் கவிழ்ந்துகொண்டே இருந்தது. வரிசையில் இருப்பவர்கள் அப்பாவியாகப் பந்தைத் தட்டித் திருப்பி அனுப்பினார்கள். சிவப்புக் கயிறு கட்டிய பையன்கூட கட்டாத காலால்தான் தட்டினான். நாலு வாரக் காகிதத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு வாங்கித் தர முடிந்தது டீ மட்டும்தான். "நல்லாருக்கா மேடம்?" என்றால், "இன்னொரு தடவ" என்று டம்ளரை நீட்டுவார்.

அடுத்த வருஷம் அவர் வேலை முடிந்து போய்விட்டார். அறையில் உடைந்த கட்டில்கள் திரும்ப வந்து சேர்ந்தன. நான் வேலைக்குப் போனேன். தம்பிக்கு மாத்திரை வாங்கினேன். பயம் ஒரேயடியாகப் போகவில்லை. ஆனால் பயத்துக்கு ஒரு தேதி கிடைத்துவிட்டது. ராத்திரியில் அது எழுந்து வந்தால், "நாப்பதுக்கு அப்புறம் வா, மேடம் எழுதுவாங்க" என்று அனுப்பிவிடுவேன். அவர் எழுதின தாள்களிலிருந்து என்ன தெரிந்தது, கலந்த கால்களைப் பற்றிக் கடைசியில் என்ன முடிவுக்கு வந்தார் என்றெல்லாம் எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஒன்பதில், எனக்கு நாற்பது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. செங்கல்பட்டில் ஒரு வளைகாப்புக்காக நானும் தம்பியும் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். தம்பி அப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தான். எதிரே, தலையைக் குனிந்து கூட்டத்தின் கால்களைப் பார்த்தபடி ஒருவர் ஏறி வந்தார். தோளில் தோல்பை, கழுத்தில் காட்டாங்குளத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் அடையாள அட்டை. எங்கள் படிக்கு வந்ததும் நின்றார். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

"எடது சார்!" என்றார். பக்கத்தில் பார்த்து, "வலதும் வந்திருக்காரா? எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் மேடம். சத்தம் கம்மி" என்றான் தம்பி.

எனக்கு வணக்கம் சொல்லக்கூட வரவில்லை. "மேடம், நாப்பது முடிஞ்சிடுச்சு" என்றேன், பரீட்சை எழுதிவிட்டு வந்தவன் மாதிரி.

அவர் மறந்திருக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். எங்களோடு படியிறங்கி பிளாட்பாரத்துக்கு வந்து, கிடந்த காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காட்டினார். "ஒதைங்க."

"இங்கயா?"

"ஒதைங்க சார்."

உதைத்தேன். பாட்டில் பறந்து, சமோசா விற்பவரின் கூடையில் விழுந்தது. "யோவ், இன்னாய்யா பேஜாரு!" என்று அவர் கத்தினார்.

"இன்னொரு தடவ" என்றார் மேடம்.

மூன்று தடவை உதைத்தேன். மூன்றும் இடது. சமோசாக்காரர் மூன்றாவது தடவை கூடையையே தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். மேடம் பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் ரயில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எதையோ எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். இடது, இடது, இடது. அதற்குக் கீழே வயது. அதற்கும் கீழே ஒரே ஒரு சொல்.

"வரல" என்று வாய்விட்டும் சொன்னார். "இப்ப பாத்துட்டேன், அதான் சொல்றேன்."

ஏழு வருஷமாக நான் கேட்ட அந்த ஒரு சொல். குனிந்து பாட்டிலை எடுத்துக்கொண்டேன். நாற்பது வயதுக்காரன் தாம்பரம் பிளாட்பாரத்தில் காலி பாட்டிலை வைத்துக்கொண்டு அழக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

காதோரமாக ஒரு குரல் கேட்டது. "ஏழு வருஷம் ஆச்சு. ஷாட் இன்னும் மோசம்தான்."

அது யாருடைய குரல் என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள், "நான்தான் அண்ணா" என்றான் தம்பி.